நின்று குடிக்கும் காப்பி

சில ஆண்டுகளுக்கு முன் வேலை நிமித்தம் நான்கு மாதங்கள் சிசிலித் தீவில் தங்க வேண்டியிருந்தது. வேலை பலெர்மோ நகரத்தில். நகருக்குள் வாடகை கட்டுப்படியாகவில்லை. ரயிலில் ஏறினால் கால்மணி நேரத்தில் வந்துவிடும் பகேரியாவில், ஒரு வயதான அம்மாளின் வீட்டு மாடியில் அறை பிடித்தேன். மக்கள்தொகை ஐம்பதாயிரத்துக்குச் சற்று மேல். சுற்றிலும் எலுமிச்சைத் தோப்புகள். வடக்கே இரண்டு மூன்று கிலோமீட்டர் நடந்தால் அஸ்ப்ரா என்ற மீனவர் குப்பம், அதற்கப்பால் கடல்.

இலக்கியமும் சினிமாவும் தெரிந்தவர்களுக்கு இந்த ஊர் அறிமுகமாகியிருக்கலாம். 'சினிமா பரதீசோ' எடுத்த ஜுசெப்பே தொர்னத்தோரே 1956இல் இங்கேதான் பிறந்தார். 2009இல் இந்த ஊரைப் பற்றியே 'பாரீயா' என்று ஒரு படம் எடுத்தார். பகேரியாவுக்கு சிசிலி மொழியில் அதுதான் பெயர். ஓவியர் ரெனாத்தோ குத்தூசோ, கவிஞர் இக்னாத்சியோ புத்தித்தா இருவரும் இந்த மண்ணின் பிள்ளைகள். எழுத்தாளர் தாச்சா மராயினி 'பகேரியா' என்ற பெயரிலேயே 1993இல் ஒரு நினைவுநூல் எழுதினார். ஊர் நடுவே 1715இல் கட்டத் தொடங்கிய பலகோனியா மாளிகை இருக்கிறது. அதன் மதில் மேல் வரிசையாகப் பூதங்களும் கோரச் சிலைகளும் உட்கார்ந்திருக்கும். 1787இல் வந்து பார்த்த கெதே முகம் சுளித்துக்கொண்டு போனாராம். நம் ஊர் ஐயனார் கோயில் பார்த்து வளர்ந்த எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

ஆனால் நான் எழுத வந்தது மாளிகையைப் பற்றி அல்ல. காப்பியைப் பற்றி.

பாரும் இயந்திரமும்

இத்தாலியில் காப்பிக்கடைக்குப் பெயர் 'பார்'. டாஸ்மாக்கை நினைத்துக்கொள்ள வேண்டாம். காலையில் பள்ளிக்கூடம் போகும் பிள்ளையும் பாதிரியாரும் தபால்காரரும் நுழைகிற இடம் அது. உள்ளே நீண்ட மேடை ஒன்று. எல்லோரும் அதன் முன் நிற்பார்கள்.

முதல் நாள் நான் உட்கார இடம் தேடினேன். வெளியே நாலு மேசைகள் காலியாகவே இருந்தன. அங்கே உட்கார்ந்தால் பல கடைகளில் விலை வேறு என்பது பிறகுதான் தெரிந்தது. நின்று குடித்தால் ஒரு யூரோ, ஒன்றேகால் யூரோ. உட்கார்ந்தால் அதைவிட அதிகம். சில கடைகளில் முதலில் கல்லாவில் பணம் கட்டி, சீட்டை மேடையில் வைக்க வேண்டும். சிலவற்றில் குடித்த பிறகு கொடுக்கலாம். 'உன் கஃபே' என்று சொன்னாலே போதும், எஸ்பிரெஸோ வரும். 'லாத்தே' என்று கேட்டால் வெறும் பாலைக் கொடுத்துவிடுவார்கள். கப்புச்சினோ காலைப் பலகாரத்தோடு சரி; மதியச் சாப்பாட்டுக்குப் பின் கேட்டால், கொடுப்பார்கள், ஆனால் அனுதாபத்தோடு பார்ப்பார்கள்.

காப்பிக்கு முன்னால் ஒரு சிறிய கண்ணாடித் தம்ளரில் தண்ணீர் வரும். தெற்கு இத்தாலியில் இது வழக்கம். வாயைக் கொப்பளித்துச் சுத்தமாக்கிக்கொண்டு காப்பியின் ருசியை வாங்கிக்கொள்ளத்தான் தண்ணீர். நான் ஒரு மாதம் வரை காப்பிக்குப் பிறகு தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தேன். காப்பி பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று கடைக்காரர் நினைத்திருக்கிறார்.

கோப்பையில் இருப்பது இரண்டு மிடறு. இத்தாலிய எஸ்பிரெஸோ சங்கத்தாரின் கணக்குப்படி 7 கிராம் பொடி, 9 பார் அழுத்தம், 25 விநாடி, 25 மில்லிலிட்டர். வளிமண்டல அழுத்தத்தைப்போல் ஏறக்குறைய ஒன்பது மடங்கு அழுத்தத்தில் வெந்நீரைப் பொடிக்குள் துரத்துகிறார்கள். நம் பில்டரில் புவியீர்ப்பு அரைமணி நேரத்தில் நிதானமாகச் செய்கிற வேலையை அங்கே அரை நிமிடத்துக்குள் முடித்துவிடுகிறார்கள்.

இந்த அவசரத்துக்கு ஒரு வரலாறு உண்டு. 1884இல் தூரின் நகரத்து ஆஞ்செலோ மோரியோந்தோ நீராவியால் காப்பி இறக்கும் இயந்திரத்துக்குக் காப்புரிமை வாங்கினார். 1901இல் மிலானின் லுயீஜி பெத்செரா அதை ஒவ்வொருவருக்கும் தனித்தனிக் கோப்பையாகப் பிடிக்கும்படி மாற்றினார். தெசிதேரியோ பவோனி அதைத் தயாரித்து விற்றார். அப்போதும் நீராவி சுட்டுக் கருகிய வாசனை இருந்தது. மிலானில் பார் நடத்திய அக்கீலே காஜ்ஜா 1938இல் ஒரு காப்புரிமை எடுத்து, போருக்குப் பின் 1948இல் நெம்புகோல் வைத்த இயந்திரத்தைக் கொண்டுவந்தார். கையால் இழுத்துவிட்டால் வில்சுருள் அழுத்தும். அந்த அழுத்தத்தில்தான் முதன்முறையாக மேலே பொன்னிற நுரை வந்தது. இன்று எஸ்பிரெஸோவுக்கு அடையாளமே அந்த நுரைதான். 1961இல் பயேமா நிறுவனத்தின் ஈ61 வந்தபின் கைக்குப் பதில் மின்சாரப் பம்பு.

தனிக்கோப்பை, சட்டென்று குடித்து நகர்தல், அடுத்தவருக்கு இடம். இயந்திரம் அப்படி அமைந்ததால் மனிதர்களும் அப்படிக் குடிக்கப் பழகினார்கள்.

மேடையில் வேறு என்ன?

பசிக்கும் இதே கதைதான். நின்றபடி, காகிதத்தில் வாங்கி, கையால் சாப்பிடுவது. பலெர்மோ வட்டாரத்தின் தெருத்தீனி உலகப் பிரசித்தம். எனக்கு மிகவும் பிடித்தது 'பனெல்லே'. கடலை மாவைத் தண்ணீரில் கரைத்து, உப்புப் போட்டு, களி கிண்டுவதுபோல் கிண்டி, கொஞ்சம் பார்ஸ்லி தழை தூவி, மெல்லிசாகப் பரத்தி ஆறவைத்து, துண்டு போட்டு எண்ணெயில் பொரிப்பார்கள். எள் தூவிய ரொட்டிக்குள் நாலைந்தை வைத்து எலுமிச்சம்பழம் பிழிந்து தருவார்கள். வாழைக்காய் இல்லாத பஜ்ஜி என்று வைத்துக்கொள்ளுங்கள். சிசிலியை அராபியர் ஆண்ட காலத்தின் எச்சம் என்று சொல்கிறார்கள்.

பிறகு 'அரன்சீனா': சோற்று உருண்டைக்குள் இறைச்சிக் குழம்போ வெண்ணெயும் பாலாடைக்கட்டியுமோ வைத்துப் பொரித்தது. பலெர்மோவில் அது பெண்பால். தீவின் கிழக்கே கத்தானியாவில் ஆண்பால், 'அரன்சீனோ'. இதற்காக இரண்டு ஊர்க்காரர்களும் சண்டை போடுவதைப் பார்த்தால், இட்லிக்குச் சாம்பாரா சட்னியா என்கிற நம் சண்டை எவ்வளவோ மேல்.

பகேரியாவுக்கே உரியது வெள்ளை 'ஸ்பின்சோனே'. தடித்த மெத்தென்ற ரொட்டி. பலெர்மோவில் இதன் மேல் தக்காளிக் குழம்பு பூசுவார்கள். பகேரியாவில் தக்காளியே கிடையாது. உப்பிட்ட நெத்திலி, உப்பில்லாத புதுப் பாலாடைக்கட்டி, ரிக்கோத்தா, வெங்காயம், எல்லாவற்றுக்கும் மேல் எண்ணெயில் பிசைந்த ரொட்டித்தூள். நெத்திலி அஸ்ப்ராவிலிருந்து வரும். அங்கே நெத்திலிக்கென்றே ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. டிசம்பர் பிறந்தால் ஊரே இந்த வாசனையில் மிதக்கும்.

வீட்டுக் காப்பி

பாரில் நிற்பது ஒரு பக்கம். வீட்டில் நடப்பது இன்னொன்று. என் வீட்டுக்கார அம்மாளுக்கு எண்பதை நெருங்கும் வயது. 'சிஞோரா' என்றுதான் அழைப்பேன். அவர் அடுப்பில் ஓர் எட்டுப்பட்டை அலுமினியப் பாத்திரம் எப்போதும் இருக்கும். அதுதான் மோக்கா.

அல்போன்சோ பியலெத்தி 1933இல் சந்தைக்குக் கொண்டுவந்தது. அலுமினியத்தை இத்தாலியின் சொந்த உலோகம் என்று முசோலினி அரசு முன்னிறுத்திய காலம் அது. கீழ்க்குடுவையில் தண்ணீர், நடுவே சல்லடைக் கிண்ணத்தில் பொடி, மேலே காலிக்குடுவை. தண்ணீர் சூடேறும்போது கீழே அடைபட்ட காற்றும் ஆவியும் விரிந்து வெந்நீரைப் பொடி வழியாக மேலே தள்ளும். அழுத்தம் ஒன்று, ஒன்றரை பார்தான். ஆகவே பாரில் வருகிற நுரை இதில் வராது. பொடியை அழுத்தக்கூடாது, தீயைக் கூட்டக்கூடாது, 'குறுகுறு' என்று சத்தம் வந்ததும் இறக்கிவிட வேண்டும். சோப்புப் போட்டுக் கழுவினால் சிஞோராவிடம் திட்டு வாங்க வேண்டும். பியலெத்தியின் மகன் ரெனாத்தோதான் விளம்பரம் செய்து மோக்காவை வீடுதோறும் சேர்த்தவர். 2016இல் அவர் இறந்தபோது சாம்பலைப் பெரிய மோக்கா ஒன்றில் வைத்துத்தான் அடக்கம் செய்தார்கள்.

மோக்காவுக்கு முன் வீடுகளில் இருந்தது 'நாப்போலித்தானா'. இது நமக்கு நெருங்கிய சொந்தம். கீழே தண்ணீர் கொதித்ததும் பாத்திரத்தையே தலைகீழாகக் கவிழ்த்துவிடுவார்கள். வெந்நீர் பொடி வழியே சொட்டுச்சொட்டாக இறங்கும். அழுத்தம் இல்லை, அவசரம் இல்லை. நேப்பிள்ஸின் நாடகாசிரியர் எதுவார்தோ தெ பிலிப்போ 1946இல் அரங்கேற்றிய 'இந்தப் பேய்கள்' நாடகத்தில் இதற்கென்றே ஒரு காட்சி உண்டு. கதாநாயகன் மாடி முகப்பில் உட்கார்ந்து, எதிர்வீட்டில் இருக்கும், மேடைக்கே வராத ஒரு பேராசிரியருக்குக் காப்பி போடும் முறையை விளக்குவான். வாசனை போய்விடாமலிருக்கக் குழாய் மூக்கில் காகிதக் கூம்பு ஒன்றைச் செருகி வைப்பான். பில்டரின் மூடியை அடிக்கடி திறக்காதே என்று அதட்டிய என் அத்தை நினைவுக்கு வந்தார்.

நான் கொண்டுபோன பில்டர்

ஊரிலிருந்து பித்தளைப் பில்டர் ஒன்றும், இரண்டு டவரா செட்டும், அரைக்கிலோ பொடியும் எடுத்துப் போயிருந்தேன். பொடி ஒரு மாதத்தில் தீர்ந்தது. அங்கே கிடைத்த மோக்காப் பொடியைப் பில்டரில் போட்டேன். டிகாஷன் விறுவிறுவென்று இறங்கிவிட்டது. நீர்த்துப் போய், பாலை ஊற்றினால் நிறமே இல்லை. காரணம் சிக்கரி. அது தண்ணீரைப் பிடித்துவைத்து மெதுவாக விடும். டிகாஷனுக்குக் கனமும் கருநிறமும் தரும். இந்திய விதிகள் பொடியில் 49 சதவீதம் வரை சிக்கரியை அனுமதிக்கின்றன. கலப்படம் என்று பலர் நினைப்பது நம் காப்பியில் பாதி இலட்சணம்.

ஊரிலிருந்து அடுத்த பொட்டலம் வந்ததும் சிஞோராவுக்கு அந்தக் காப்பியைக் கொடுத்தேன். முதல் மிடறில் முகம் மாறியது. "சிக்கோரியா!" என்றார். எத்தியோப்பியா மீது படையெடுத்ததற்காக 1935இல் இத்தாலி மீது பொருளாதாரத் தடை வந்தது. தொடர்ந்து போர். காப்பிக்கொட்டை கிடைக்காமல் சிக்கரியும் வறுத்த பார்லியும்தான் காப்பி என்ற பெயரில் ஓடின. அவர் அம்மா அதைச் சொல்லிச் சொல்லி அழுவாராம். பார்லிக் காப்பி இன்றும் பாரில் கிடைக்கிறது. சிக்கரியைக் கண்டால் அந்தத் தலைமுறைக்கு வறுமை ஞாபகம். எனக்கோ வீட்டு ஞாபகம்.

இன்னொரு பக்கமும் சொல்ல வேண்டும். இந்தியக் காப்பிக்கொட்டையை அதிகம் வாங்கும் நாடு பல ஆண்டுகளாக இத்தாலிதான். தெற்கு இத்தாலியர் விரும்பும் கசப்புக்கும் தடித்த நுரைக்கும் ரோபஸ்டா வேண்டும். குடகிலும் வயநாட்டிலும் விளைவதில் பெரும்பகுதி அதுவே. பகேரியாவில் நான் நின்று குடித்த கோப்பையில் எங்கள் மலைச்சரிவும் கொஞ்சம் இருந்திருக்கலாம்.

டம்ளரின் விளிம்பு

இதுவரை எழுதியதைப் பயணக்குறிப்பு என்று வைத்துக்கொள்ளலாம். எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் இனிமேல்தான் வருகிறது.

சிஞோராவுக்கு டம்ளரை எப்படிப் பிடிப்பது என்று காட்டினேன். விளிம்பு வெளிப்பக்கம் மடிந்திருக்கும். சூட்டில் பிடிக்கத் தோது என்றேன். "அதற்கு மட்டுமா?" என்று கேட்டார். சரிதான், அண்ணாந்து ஊற்றிக்கொள்ளவும் தோது. உதடு படாமல் குடித்தால் எச்சில் ஆகாது. எச்சில் என்ற சொல்லை இத்தாலியத்தில் எப்படிச் சொல்வது? உமிழ்நீர் என்று சொன்னேன். நோய் வருமா என்றார். நோய்க்காக இல்லை என்றேன். பிறகு எதற்கு என்றார். அதற்கு மேல் என் இத்தாலியம் போதவில்லை என்று சொல்லித் தப்பித்துக்கொண்டேன்.

உண்மையில் போதாமல் போனது மொழி அல்ல. எங்கள் ஊர் வீட்டின் கொல்லைப்புறத்தில், மாட்டுக்கொட்டகைக் கூரையில் நசுங்கிய அலுமினிய டம்ளர் ஒன்று செருகியிருக்கும். வயலில் வேலை செய்பவர் வந்தால் அவரே அதை எடுப்பார். பாட்டி உயரத்திலிருந்து காப்பியை ஊற்றுவாள். குடித்துவிட்டு அவரே கழுவி அங்கேயே செருகிவிட்டுப் போவார். என் தாத்தா வயது அவருக்கு. நாங்கள் பிள்ளைகள் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவோம். அந்த டம்ளர் எதற்குத் தனியாக இருக்கிறது என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. சிஞோராவின் அடுப்பில் கறுத்துப்போன அலுமினிய மோக்காவைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் அது நினைவுக்கு வந்தது.

இது எங்கள் வீட்டுக் கதை மட்டுமல்ல என்பது வாசகர்களுக்குத் தெரியும். தேநீர்க் கடைகளின் இரட்டைக் குவளை முறை பற்றி எவ்வளவோ எழுதியாகிவிட்டது. நகரத்துக் காப்பி கிளப்புகளின் கதை வேறு மாதிரி. 1957இல் சென்னைத் திருவல்லிக்கேணியில் ஓர் உணவகத்தின் பெயர்ப்பலகையில் இருந்த 'பிராமணாள்' என்ற சொல்லை அகற்றச் சொல்லி, பெரியாரின் திராவிடர் கழகத்தார் மாதக்கணக்கில் மறியல் செய்து சிறை சென்றார்கள். காப்பி எங்களிடம் வந்தது முதலே, யாருடன் குடிப்பது என்ற கேள்வியும் கூடவே வந்துவிட்டது. ஆ. இரா. வேங்கடாசலபதியின் 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை' படித்தவர்களுக்கு இதன் பின்னணி விளங்கும்.

பலெர்மோவில் ஈழத்தமிழர் கணிசமாக வாழ்கிறார்கள். 1980களிலிருந்து வந்து சேர்ந்தவர்கள். நகரின் காவல் தெய்வமான சாந்தா ரோசாலியாவின் மலைக்கோயிலுக்கு இந்துத் தமிழர்களும் ஏறிப் போவதைப் பார்க்கலாம். அங்கே பழக்கமான யாழ்ப்பாணத்து அண்ணர் ஒருவர் பாரில் காப்பியைப் பார்க்கும்போதெல்லாம் கேலி செய்வார். "உதென்ன தம்பி கோப்பி? விரல்கடை அளவிலை தாறாங்கள். உதைக் குடிச்சுப்போட்டு என்னெண்டு வேலைக்குப் போறது?" ஆனால் ஞாயிறு தவறாமல் வருவார்.

டம்ளர் விளிம்பின் கதையை அவரிடம் சொன்னேன். சிரித்தார். "உங்களிட்டை டம்ளர் எண்டால் எங்களிட்டை மூக்குப்பேணி" என்றார். வாய் வைக்காமல் குடிப்பதற்கென்றே பக்கவாட்டில் மூக்கு வைத்த யாழ்ப்பாணத்துப் பாத்திரம் அது. கொஞ்ச நேரம் பேசாமலிருந்தார். பிறகு, "எங்கட அப்புவுக்கு அதுவும் இல்லை. தேத்தண்ணிக் கடையிலை வெளியிலை நிண்டு, போத்தலிலைதான் வாங்கிக் குடிச்சவர்" என்றார். வடபகுதியில் 1960களின் பிற்பகுதியில் கோயில்களுக்குள்ளும் தேநீர்க் கடைகளுக்குள்ளும் நுழையப் போராட்டங்கள் நடந்ததும், அவற்றில் இரத்தம் சிந்தியதும் அவருக்கு வீட்டுக் கதைகள்.

மேடை மேல் வரிசையாகக் கிடந்த கோப்பைகளைக் காட்டினார். "இஞ்சை எனக்கு முன்னாலை இதிலை குடிச்சவன் ஆரெண்டு ஒருத்தரும் கேக்கிறதில்லை. எனக்குப் பிறகு குடிக்கிறவனும் கேக்கமாட்டான். நான் ஒரு யூரோ குடுக்கிறது கோப்பிக்கில்லைத் தம்பி."

சொர்க்கம் எங்கும் இல்லை

சிசிலி சமத்துவ பூமி என்று யாரும் முடிவுகட்டிவிட வேண்டாம். சிஞோராவின் இளமையில் நல்ல குடும்பத்துப் பெண் தனியாகப் பாருக்குள் போய் நிற்க முடியாதாம். அதனால்தான் அவருக்கு மோக்கா அவ்வளவு முக்கியம். சிசிலி ஊர்களில் கனவான்களுக்கென்று தனிச் சங்கங்கள் இருந்தன. அங்கே நாற்காலி போட்டு உட்காரும் உரிமை எல்லோருக்கும் கிடையாது. லெயொனார்தோ ஷாஷா 1956இல் வெளியிட்ட 'ரெகல்பெத்ராவின் பங்குகள்' நூலில் அப்படியொரு சங்கத்தைக் கசப்போடு விவரித்திருக்கிறார். இன்றைக்கும் ஆப்பிரிக்காவிலிருந்து படகில் வந்தவர்களை ஒரு மாதிரிப் பார்க்கும் கண்கள் அங்கே உண்டு. குத்தூசோ 1976இல் வரைந்த 'கஃபே கிரேக்கோ' ஓவியத்தைப் பாருங்கள். ரோமின் புகழ்பெற்ற காப்பியகம் அது. ஓவியர் தெ கீரிக்கோ முதல் சுற்றுலாப் பயணிகள் வரை கூட்டம் நெரிகிறது. பலர் மேசைகளைச் சுற்றி உட்கார்ந்திருக்கிறார்கள். பகேரியாவின் மேடை அந்த ஓவியத்தில் இல்லை.

ஆனாலும் கோப்பையில் வேலி இல்லை. அங்கே வேலி நாற்காலியில்தான். எங்களுக்கு அது கோப்பையிலேயே இருந்தது. செய்யும்போதே விளிம்பாக மடித்துவைத்த வேலி. டவராவில் ஆற்றி, நுரை பொங்க உயரத்திலிருந்து ஊற்றுவதை அழகு என்று நான் இன்றும் ரசிக்கிறேன். பாட்டி அந்த அலுமினிய டம்ளரில் ஊற்றியதும் அதே உயரத்திலிருந்துதான்.

கிளம்பும்போது சிஞோரா ஒரு சிறிய மோக்காவை எனக்குக் கொடுத்தார். நான் ஒரு டவரா செட்டை அவரிடம் விட்டுவந்தேன். அண்ணாந்து குடிக்க அவருக்குக் கடைசிவரை வரவில்லை. விளிம்பில் உதட்டை நன்றாக வைத்து, ஓசையோடு உறிஞ்சித்தான் குடித்தார். இப்போது வீட்டில் நானும் அப்படித்தான் குடிக்கிறேன். பழக்கம் வர நாளாயிற்று.